‘இல்லேன்னா’ என்று எழுதும் பிள்ளைகள்: ஊக்க உரை ஆற்ற வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளிகளுக்குச் சிறப்பு விருந்தினர்களாக வந்து பிள்ளைகளுக்கு ஊக்க உரை ஆற்றுகிற பெரியவர்களுக்கு,

வணக்கம்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் நடத்துகிற ஆசிரியர். பத்தொன்பது வருடமாக இதே பாடம், இதே மாவட்டம், மூன்று பள்ளிகள். இதற்குள் உங்களில் முப்பது நாற்பது பேருக்காவது பொன்னாடை எடுத்துக் கொடுத்திருப்பேன். மைக் செட்காரருக்கு நான்தான் போன் போட்டிருப்பேன். நீங்கள் வர இரண்டு மணி நேரம் தாமதமானபோது வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ‘இதோ வந்துட்டாங்க, திண்டிவனம் தாண்டிட்டாங்க’ என்று சொல்லிச் சமாளித்ததும் நான்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன ஜனவரியில் உங்களில் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுக்கச் சொன்னார். ‘நீ என்ன ஆகப்போகிறாய்? எழுது. பெரிதாக எழுது. பயப்படாதே’ என்றார். பிள்ளைகள் எழுதினார்கள். சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மேடையில் வைத்தோம். அவர் கையை விட்டு நாலைந்தை எடுத்துப் படித்தார். கலெக்டர், டாக்டர், ஐ.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். வாளி மேடையிலேயே இருந்தது.

சாயங்காலம் பெருக்க வந்த அம்மா ‘டீச்சர், இதக் கொட்டிடவா?’ என்று கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. ஒரு கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 112 சீட்டு.

பாதிக்கு மேல் ஒரே சொல்தான். மீதியில் இரண்டு வரி, மூன்று வரி இருந்தது. அப்படியே தருகிறேன்.

‘பி.எஸ்சி. நர்சிங். இல்லேன்னா ஏ.என்.எம். இல்லேன்னா மெடிக்கல் ஷாப்.’ (ஏ.என்.எம். என்பது துணை நர்ஸ் படிப்பு.)

‘போலீஸ். இல்லேன்னா அண்ணன்கூட சென்ட்ரிங் வேலை.’

‘சி.ஏ. (மிஸ் சொன்னது). இல்லேன்னா பி.காம். அதுவும் இல்லேன்னா கம்பெனி.’

இன்னொன்றில் பெயரும் வகுப்பும் மட்டும் எழுதி, கீழே ‘அக்கா கல்யாணம் முடிஞ்சதும் சொல்றேன்’ என்று இருந்தது.

மேடையில் படிக்கப்பட்ட சீட்டுகளில் ‘இல்லேன்னா’ கிடையாது. விருந்தினர் கையில் அப்படி ஒன்று சிக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உங்களில் பலர் சொல்லிக் கேட்டதுதான். ‘இது எதிர்மறை எண்ணம். இரண்டாவது வழி யோசிக்கிறவன் முதல் வழியில் ஜெயிக்க மாட்டான்.’

நான் கணக்குப் பதிவியல் நடத்துகிறவள். எங்கள் பாடத்தில் ‘வாரா ஐயக்கடன் ஒதுக்கு’ என்று ஒன்று உண்டு. வர வேண்டிய பணம் வராமல் போகலாம் என்று நினைத்து, லாபத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. இதைச் செய்கிற கம்பெனியை யாரும் எதிர்மறை எண்ணம் கொண்ட கம்பெனி என்று சொல்வதில்லை, ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறது என்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை அதே வேலையைத் துண்டுச் சீட்டில் செய்தால் மட்டும் தன்னம்பிக்கை போதாது என்கிறோம்.

என் மகன் விழுப்புரம் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறான். அவனிடம் இந்தச் சீட்டைக் கொடுத்திருந்தால் ஒரே சொல்தான் எழுதியிருப்பான், அதிலும் எழுத்துப்பிழையோடு. ஒரு வருடம் நீட் கோச்சிங், வரவில்லை என்றால் இன்னொரு வருடம், அதுவும் இல்லை என்றால் சுயநிதிக் கல்லூரி. இதையெல்லாம் அவன் எழுத வேண்டியதே இல்லை. அவனுடைய ‘இல்லேன்னா’ நானும் அவன் அப்பாவும்தான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களில் பாதிப் பேர் அப்துல் கலாமில் தொடங்கி அப்துல் கலாமில் முடிக்கிறீர்கள். தப்பில்லை, எனக்கும் அவரைப் பிடிக்கும். ராமேசுவரத்தில் பேப்பர் போட்ட பையன் குடியரசுத் தலைவர் ஆனார் என்கிறீர்கள். நடுவில் ஒரு வளையல் இருக்கிறது, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மெட்ராஸில் எம்.ஐ.டி. என்கிற பொறியியல் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தபோது சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவால் முடியாத தொகை. சகோதரி ஜொஹரா தன்னுடைய தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அதை மீட்டுத் தருவேன் என்று அன்றைக்கு முடிவெடுத்ததாகக் கலாமே எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் ஆயிரம் ரூபாய் இல்லை, அது உண்மை. ஆனால் அடகு வைக்க ஒரு வளையல் இருந்தது. கழற்றிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். எங்கள் பிள்ளைகளின் வீடுகளிலும் அக்காக்கள் இருக்கிறார்கள், கழற்றிக் கொடுக்கிற மனசும் இருக்கிறது. வளையல்தான் ஏற்கெனவே கடையில் இருக்கிறது.

பேச்சுக்காகச் சொல்லவில்லை. 2013-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் எழுதியது. அதில் வருகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்குப் பணம் வருடத்துக்கு ஒரே தடவைதான் வரும். அதனால் ஒரே ஆள் வெட்டுக்கு முன்னால் ஏழையாகவும் வெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வசதியாகவும் இருப்பார். இரண்டு சமயத்திலும் அவருக்கு ஒரே மாதிரிப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கையில் பணம் இல்லாத சமயத்தில் விடை கண்டுபிடிக்கிற திறனும் வேகமும் குறைந்திருந்தது. ஆள் அதே ஆள், மூளையும் அதே மூளை. வெட்டுக்கு முன்னால் அவர்களில் 100க்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின்னால் 4 பேர்.

அந்த ஆய்வைப் பற்றிப் பிறகு அறிஞர்களுக்குள் வாதமும் நடந்தது, அது அவர்கள் பாடு. வாதமே தேவைப்படாமல் எங்களுக்குத் தெரிந்த சேதி அந்த 78தான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் நிலம் வைத்து, கரும்பு போட்டு, ஆலையில் பதிந்து வைத்தவர்கள். கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ம் வருடக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. மாதக்கணக்கில் நிலுவை நின்ற வருடங்களை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரும்பு போட்டவர் நிலைமையே இப்படி என்றால், அதை வெட்டப் போகிறவர் வீட்டைச் சொல்ல வேண்டாம். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, அதைச் செலவழித்து முடித்த பிறகு, அதைக் கழிக்கத்தான் அரிவாளை எடுக்கிறார்கள். இன்னும் செய்யாத வேலைக்கான கூலி போன ஆடியிலேயே கரைந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளையிடம்தான் நீங்கள் மைக்கில் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

எதிர்காலம் என்றதும் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குப் பத்து வருடம், இருபது வருடம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. எல்.ஐ.சி., வீட்டுக்கடன், பிள்ளைகள் படிப்பு, பென்ஷன். எங்கள் ஊரில் பல வீடுகளில் எதிர்காலம் என்பது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் குழுக் கடன் வசூலிக்க ஆள் வருவார். ஒருமுறை பிளஸ் டூ மாணவி ஒருத்தி மூன்று நாள் வரவில்லை என்று பார்க்கப் போனேன். அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மஞ்சள் பையிலிருந்து நான்கு கடன் அட்டைகளை எடுத்து வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். செவ்வாய்க்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று, மாதம் பிறந்தால் இரண்டு. எந்த அட்டைக்கு எதிலிருந்து எடுப்பது என்று பென்சிலால் அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவர் போட்டிருந்த ரொக்கத் திட்டத்தில் ஒரு தப்பு எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் எங்கே என்று கேட்டேன். வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தாள். வியாழக்கிழமை அட்டைக்கு.

கடன் வசூலிக்கிறவர்கள் மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ல் தனிச் சட்டமே நிறைவேற்றியது. நல்ல காரியம். மிரட்டல் குறையும். செவ்வாய்க்கிழமை வரத்தான் செய்யும்.

உங்களில் ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார்: ‘தமிழ்நாட்டுல இப்ப எங்க மேடம் வறுமை?’ அவர் கையில் புள்ளிவிவரம் இருந்தது. நிதி ஆயோக்கின் 2019-21 கணக்குப்படி பன்முக வறுமையில் (வருமானத்தை வைத்து இல்லாமல் சத்துணவு, படிப்பு, வீட்டு வசதி என்று பார்க்கிற வறுமை) இருப்பவர்கள் இந்த மாநிலத்தில் 100க்கு இரண்டு பேருக்குச் சற்று மேல்தான். 2021-22 கணக்குப்படி கல்லூரி வயதில் இருப்பவர்களில் 100க்கு 47 பேர் உயர்கல்வியில் இருந்தார்கள், இந்திய சராசரி 28. இரண்டும் சரி. எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. வீட்டில் டி.வி. இருக்கிறது, பாதிப் பேர் வீட்டில் பைக்கும் இருக்கிறது, தவணையில். அவர்களுக்கு இல்லாதது ஒன்றுதான். ஒரு தடவை கால் தவறினால் தாங்கிக்கொள்ள எதுவும் கிடையாது. அரியர் வைத்தால் ஒரு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வசதி கிடையாது. அந்த ஒன்று இல்லாதவர்கள் எதை ஆசைப்படலாம், எதை ஆசைப்படக் கூடாது என்பதை ஆறாம் வகுப்பிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆறாவதில் பைலட் என்பார்கள். ஒன்பதாவதில் போலீஸ். பிளஸ் டூவில் ‘ஏதாச்சும் ஒரு கம்பெனி மிஸ்’. சோம்பலால் சுருங்கியது இல்லை இது. ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஒரு கணக்கைப் பார்த்துச் சுருங்கியது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்னால் என் வகுப்பில் படித்தவன். 600க்கு 511, கணக்குப் பதிவியலில் 96. அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். கிடைத்தது. கட்டணம் சில ஆயிரம்தான், நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து கட்டிவிட்டோம். ஒரு மாதம் போனான், நின்றுவிட்டான். எனக்குக் கோபம். கட்டியது என் பணம் என்பதால் கோபம் கொஞ்சம் கூடவே வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நேராக வீட்டுக்குப் போனேன். கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து அவன் அப்பாவுக்குக் கால் போயிருந்தது. இவன் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். நான் படபடவென்று பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, ‘ஃபீஸுக்கு ஓகே டீச்சர்... டெய்லி அறுநூறு?’ என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பள்ளியில் பொருளியலுக்கு ஆள் இல்லாத வருடம், பதினொன்றாம் வகுப்பில் ‘வாய்ப்புச் செலவு’ என்றால் என்ன என்று இவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட வேண்டி வருகிற மற்றொன்றின் மதிப்பு. பரீட்சையில் சரியாக எழுதியிருப்பான். இலவசம் இலவசம் என்று நாம் சொல்வது கட்டணத்தை மட்டும்தான். மூன்று வருடம் அவன் சம்பாதிக்காமல் இருப்பதற்கு எந்தப் படிவமும் இல்லை.

அதிலும் மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன கிடைக்கும் என்பதையும் அவன் பார்க்கிறான். பக்கத்துத் தெரு அண்ணன் பி.காம். முடித்துவிட்டு, ஒரகடத்துத் தொழிற்சாலையில் பிளஸ் டூ முடித்தவன் பக்கத்தில் அதே லைனில் நிற்கிறான். சாயங்காலம் டி.என்.பி.எஸ்.சி. புத்தகம். 2022-ல் குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடம் என்று அறிவித்தார்கள், 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ‘முயன்றால் முடியும்’ என்று நீங்கள் சொல்லும்போது பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்குமே, அது பெரும்பாலும் காமர்ஸ் குரூப். (உங்களுடைய உதாரணங்கள் எல்லாமே டாக்டர், இன்ஜினியர், விஞ்ஞானி. எங்கள் குரூப் பக்கம் நீங்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இது தனி வழக்கு, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

எல்லாம் இருட்டு என்று அழ நான் இதை எழுத உட்காரவில்லை. ஆசை மாறியதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எப்படி மாறியது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் ‘எதுவரைக்கும் படிக்க வைப்பீங்க?’ என்று கேட்டால், பாதிப் பேர் ‘பத்து’ என்பார்கள். அது என்ன பத்து என்று எனக்குப் புரியவே சில மாதம் ஆனது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு திருமண உதவித் திட்டம் இருந்தது. 1989-ல் வந்தது. நான் சேர்ந்த சமயத்தில், பெண் பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு உதவி கிடைக்கும். பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கடைசியில் 8 கிராமும், பத்தாவதுக்கு 25 ஆயிரமும், டிகிரிக்கு 50 ஆயிரமும் என்று இருந்தது. அந்தத் திட்டத்தால் எத்தனையோ பெண்கள் பத்துவரை வந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டின் ஆசை எங்கே போய் நிற்கும் என்பதை அரசின் ஒரு படிவம் தீர்மானித்தது.

2022 செப்டம்பரில் அதே திட்டத்தைப் புதுமைப் பெண் என்று மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பெயரில் இருக்கிற கணக்கில். ஆயிரம் ரூபாய்க்கு என்ன வரும் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி. என் கணிப்பு தப்பு. தொகை சின்னதுதான். ஆனால் மாதா மாதம் வருகிறது, வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இப்போது அதே கேள்வியை அம்மாக்களிடம் கேட்டால் ‘டிகிரி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார்கள். ‘அதான் ஆயிரம் வருதே’ என்று மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய ஒரு பாட்டியையே எனக்குத் தெரியும். பாட்டிக்கு யாரும் ஊக்க உரை ஆற்றவில்லை. 2024-ல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. அந்த லோடு ஏற்றுகிற பையனுக்கு அது ஒரு வருடம் பிந்திவிட்டது. டெய்லி அறுநூறுக்கு முன்னால் மாதம் ஆயிரம் எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு சோற்றுக்கு. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கியதும், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும் அந்த வழிதான். வயிறு நிறைந்த பிள்ளை என்ன ஆசைப்பட வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அது தானாக வந்தது.

கண்ணால் பார்க்கிற ஆளும் ஆசையை மாற்றுவார். மேற்கு வங்கத்தில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் ஆய்வு செய்து 2012-ல் எழுதினார்கள். ஒரே ஊரில் இரண்டு தடவை பெண் தலைவராக இருந்திருந்தால், அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளின் ஆசை பையன்களின் ஆசைக்குப் பக்கத்தில் நெருங்கி வந்திருந்தது. இரண்டு தடவை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு நாள் வந்து போனால் போதவில்லை. எங்கள் ஊரில் என்னிடம் படித்த ஒரு பெண் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போவாள். 112 சீட்டில் 19 பேர் நர்சிங் என்று எழுதியதற்கு அந்த ஸ்கூட்டியே காரணம் என்பது என் கட்சி.

அந்தப் பத்தொன்பது பேரும் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முன்பு ஒரு மாணவிக்கு நர்சிங் கல்விக் கடன் கேட்டு நானே ஒரு வங்கிக்குக் கூடப் போனேன். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. கவுன்டரில் முதல் கேள்வி, ‘பட்டா இருக்கா?’ அடுத்த தடவை அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். அப்பா கரும்பு வெட்டப் போயிருந்தார், இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு மேனேஜர் லீவு. நாலாவது தடவை போகும்போது அட்மிஷன் முடிந்துவிட்டது. அவள் இப்போது மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள். நான் மேலே எழுதிய முதல் சீட்டு அவளுடைய தங்கையுடையது. அந்த மூன்று வரியும் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, உங்களிடம் என்னதான் கேட்கிறேன்?

முதலில், ஜனவரியில் வராதீர்கள். ஜனவரியில் எல்லோருக்கும் கனவு இருக்கும், பொங்கல் வேறு. மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு வாருங்கள். கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யாத நாள், எல்லாமே அந்த ஐந்தாறு வாரத்தில்தான் வந்து சேரும். கைமாற்று வாங்கிய பணமும் அப்போதுதான் தீர்ந்திருக்கும். பிள்ளைகள் விழுகிற வாரங்கள் அவை. அந்தச் சமயத்தில் எங்கள் மேடையில் யாரும் இருப்பதில்லை, நாற்காலிகூட இருக்காது.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மட்டும் இரண்டு வருடமாக அந்தச் சமயத்தில் வருகிறார். மைக் வேண்டாம் என்றார். வேப்ப மரத்தடியில் ஒரு டெஸ்க்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கடன் விண்ணப்பங்களைத் தானே பூர்த்தி செய்கிறார். வங்கியில் மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார். எழுத்தில் என்றதும் பாதி மறுப்புகள் மறைந்துவிட்டன. போன வருடம் அவர் உட்கார்ந்து எழுதிய ஒன்பது பேரில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் ஒரு தடவைகூடக் கனவு என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘சர்வே நம்பர் என்ன?’, ‘ஆதார்ல இனிஷியல் ஏன் மாறியிருக்கு?’, இவ்வளவுதான்.

அப்புறம், உங்கள் கதையைச் சொல்லும்போது உங்கள் வளையலையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் பணம் கட்டினார்கள், எவ்வளவு, அதைத் திருப்பிக் கொடுக்க எத்தனை வருடம் ஆனது, ஃபெயிலான வருடம் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள். அதைச் சொன்னால் உங்கள் மதிப்பு குறையாது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எங்கள் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்காவது கிடைக்கும். இப்போது நீங்கள் உழைப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பூப்பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை, இதற்கு மேல் எங்கே உழைப்பது என்று தெரியாமல் விழிக்கிறது.

‘இல்லேன்னா’ என்று எழுதுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த இரண்டாவது வரியை எடுத்து, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது, ஏ.என்.எம். முடித்தவள் பின்னால் மேலே படிக்க வழி உண்டா, சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று பேசுங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். போகும்போது ஒரு போன் நம்பரை விட்டுப் போங்கள், எடுக்கிற நம்பராக.

சீட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன, பீரோவில், அதே கவரில். அடுத்த முறை வருகிறவர் கேட்டால் தருகிறேன்.

‘அக்கா கல்யாணம் முடிஞ்சதும் சொல்றேன்’ என்று எழுதிய பிள்ளை அப்போது பிளஸ் ஒன். அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வைத்திருந்தார்கள், போயிருந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவளை நிறுத்தி, ‘இப்ப சொல்லு, என்ன படிக்கப் போற?’ என்று கேட்டேன். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டப வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் மாமா நோட்டைப் பிரித்து வைத்து மொய் எழுதிக்கொண்டிருந்தார்.

‘எவ்ளோ வந்திருக்குன்னு பார்த்துட்டு சொல்றேன் டீச்சர்’ என்றாள்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர்,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி,
விழுப்புரம் மாவட்டம்.